சுழலும் இயந்திரங்களில் விசையை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆலைகளுக்குப் போய் அதிர்வு அளப்பதும், சுழலும் பாகங்களின் எடையைச் சமன்செய்யும் பேலன்ஸிங் வேலையும் என் தொழில். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளோ, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளோ, விருதுநகர்ப் பருப்பு மில்களோ, போகிற இடம் மாறுகிறதே தவிர கேள்விகள் மாறுவதில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். பேச்சு வழக்கை மட்டும் கொஞ்சம் திருத்தினேன். முதலில் எளியவை, போகப்போக வில்லங்கமானவை.

1. ஃபேன் ஆடுகிறது என்றுதானே கூப்பிட்டேன்? நீங்கள் விசை, விசை என்கிறீர்கள். ஆட்டமும் விசையும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. விசை காரணம், ஆட்டம் விளைவு. இரண்டுக்கும் நடுவில் இயந்திரத்தின் எடை, ஃபிரேமின் விறைப்பு, ஃபவுண்டேஷன் போல்ட்டின் இறுக்கம் என்று ஒரு கூட்டமே நிற்கிறது. கனமான கான்கிரீட்டில் உட்கார்ந்த மோட்டாரை அசைக்க முடியாத அதே விசை, மெலிந்த சேனல் ஃபிரேமில் ஏற்றிய மோட்டாரைக் கடகடவென்று ஆட்டிவிடும்.

பேரிங்கைத் தின்பதும், ஷாஃப்டில் விரிசல் விடவைப்பதும் விசை. ஆட்டம் குறைவாக இருக்கிறது என்பதற்காக விசையும் குறைவு என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. பல ஆலைகளில் ஆட்டத்தை அளந்தாலே போதும், அது மலிவு, வேகமும்கூட. ஆனால் ஒரே இடத்தில் பேரிங் திரும்பத் திரும்பப் போகிறது, இரண்டு ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங் முறிகிறது, வெல்டிங் விடுகிறது என்றால் விசையைத் தேடித்தான் போக வேண்டும்.

2. பிளேடில் கொஞ்சம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கிறது, 10 கிராம்கூட இருக்காது. அதனால் என்ன வந்துவிடும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சமநிலை தவறிய எடையால் வரும் விசை என்பது எடை, மையத்திலிருந்து அதன் தூரம், சுழலும் வேகத்தின் வர்க்கம் மூன்றின் பெருக்கல். 10 கிராம் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒட்டியிருக்கிறது, ஃபேன் 1,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வேகத்தில் ஓடுகிறது என்றால் விசை ஏறக்குறைய 49 நியூட்டன். 5 கிலோ எடையைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். அதுவும் சும்மா தொங்கவில்லை, நொடிக்கு 25 முறை சுற்றிச்சுற்றி இழுக்கிறது.

வர்க்கம் என்பதுதான் இதில் விஷமம். வேகம் 3,000 ஆனால் அதே 10 கிராம் 20 கிலோ ஆகிவிடும். நூற்பாலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு: 18,000 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும் ஸ்பிண்டிலில், மையத்திலிருந்து 2 செ.மீ. தூரத்தில் வெறும் 1 கிராம் கூடுதலாக இருந்தாலே 71 நியூட்டன், அதாவது 7 கிலோவுக்கு மேல்.

3. எங்கள் ஃபிட்டர் திருப்புளியைப் பேரிங் மேல் வைத்துக் காதால் கேட்டே சொல்லிவிடுவார். கருவி எதற்கு?

அவரை விட்டுவிடாதீர்கள். பேரிங் வளையத்தில் சிறு பொரிவு விழுந்தால் எழும் ஓசை பல ஆயிரம் ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்குப் பல ஆயிரம் அதிர்வில், இருக்கும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கிற எல்லை அதுதான். அந்த விஷயத்தில் நல்ல ஃபிட்டரின் காது, மட்டமான மீட்டரைவிட மேல்.

காதுக்கு எட்டாதது கீழ்ப்பகுதி. 25 ஹெர்ட்ஸ் ஓசை காதில் விழுவதே கடினம், அது இன்று போன மாதத்தைவிட ஒன்றரை மடங்கா இரண்டு மடங்கா என்று சொல்வது அதைவிடக் கடினம். சமநிலைக் கோளாறும், ஷாஃப்டுகள் நேர்கோட்டில் இல்லாத அலைன்மென்ட் கோளாறும் வாழ்வது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். பேரிங் கெட்டதை அவர் சொல்வார். ஏன் கெட்டது என்பதைக் கருவி சொல்லும்.

4. வேகமாக மாறும் விசை என்றால் எவ்வளவு வேகம்?

1,480 ஆர்.பி.எம். மோட்டாரையே எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 24.7 சுற்று. சமநிலைக் கோளாறின் விசை 24.7 ஹெர்ட்ஸில் வரும். கப்ளிங் நேராக இல்லையென்றால் பெரும்பாலும் அதன் இரண்டு மடங்கில் தலைகாட்டும். அதே ஷாஃப்டில் 8 பிளேடு உள்ள ஃபேன் இருந்தால், பிளேடுகள் காற்றை வெட்டும் விசை 197 ஹெர்ட்ஸ். 32 பல் உள்ள பல்சக்கரம் இருந்தால் பல்லோடு பல் மோதுவது 789 ஹெர்ட்ஸ்.

பேரிங் கணக்குக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. குண்டுகளின் எண்ணிக்கையைச் சுற்று வேகத்தால் பெருக்கி, அதில் 0.4 பங்கு எடுத்தால் வெளி வளையப் பழுதின் அடி, 0.6 பங்கு எடுத்தால் உள் வளையப் பழுதின் அடி. 9 குண்டு என்றால் முறையே 89, 133 ஹெர்ட்ஸ். ஆனால் ஒவ்வோர் அடியும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும் குத்து. நொடிக்கு எத்தனை குத்து விழுகிறது என்பது ஒரு கேள்வி, ஒரு குத்து எவ்வளவு கூர்மையானது என்பது வேறு கேள்வி. கருவியைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவதை வைத்து.

5. எடைமேடையில் போடும் லோட் செல் எங்களிடமே இருக்கிறது. அதையே மோட்டாருக்கு அடியில் வைத்தால் விசை தெரிந்துவிடாதா?

ஆசைப்படும்படியான யோசனைதான். ஆனால் அதில் இரண்டு கோளாறு. ஒன்று, எடைமேடையின் மீட்டர் எண்ணை ஆடவிடாமல் நிறுத்திக் காட்டுவதற்காகவே செய்யப்பட்டது. மாறுவதையெல்லாம் சராசரியாக்கி விழுங்கிவிடும். மீட்டரை மாற்றி இதைச் சமாளிக்கலாம்.

இரண்டாவதைச் சமாளிக்க முடியாது. லோட் செல் ஒரு ஸ்பிரிங். முழுச் சுமையில் 0.3 மி.மீ. அமுங்கும் செல் மேல் அந்த முழுச் சுமைக்கு ஈடான இயந்திரத்தை ஏற்றினால், அது தன் இயல்பில் நொடிக்கு 29 முறை துள்ளும். இதற்குச் சூத்திரம்: 15.8ஐ, மி.மீ. கணக்கில் அமுங்கும் அளவின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். உங்கள் மோட்டார் 25 ஹெர்ட்ஸில் தள்ளுகிறது. 29க்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டால் செல் காட்டும் விசை உண்மையைவிட நாலு மடங்கு பெரிதாக இருக்கும். ஐந்து மடங்கு தாங்குதிறன் உள்ள செல் போட்டால் அமுங்கல் 0.06 மி.மீ., துள்ளல் 64 ஹெர்ட்ஸ், தவறு 18 சதவீதத்துக்குக் குறையும். அதுவும் 25 ஹெர்ட்ஸுக்கு மட்டும். முந்தைய பதிலில் சொன்ன 197 ஹெர்ட்ஸ் விசையை அந்த செல் ஏறெடுத்தும் பார்க்காது.

இந்தப் பதிலை நினைவில் வையுங்கள். அளக்கப் போன கருவியே இயந்திரத்தின் ஓர் உறுப்பாகி ஆட்டத்தை மாற்றிவிடுவதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை வியாதி. கீழே பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

6. அப்படியானால் எந்த சென்சார்? ஸ்ட்ரெயின் கேஜா, பீசோவா?

ஸ்ட்ரெயின் கேஜ் என்பது உலோகத்தில் ஒட்டும் மெல்லிய கம்பிப் படலம். உலோகம் நீண்டால் படலமும் நீண்டு அதன் மின்தடை மாறும். 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் தனித்தனியே கண்டது. பீசோ என்பது குவார்ட்ஸ் போன்ற படிகம். அழுத்தினால் மின்னூட்டம் சுரக்கும். இது 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டது. குவார்ட்ஸில் ஒரு நியூட்டனுக்கு 2.3 பிக்கோகூலம் அளவுக்குத்தான் சுரக்கும், ஆனால் அது அசாத்திய விறைப்பு. நல்ல வளைய சென்சாரில் ஆயிரம் நியூட்டன் ஏற்றினாலும் ஒரு மைக்ரான், அதாவது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அளவில்தான் அமுங்கும். 5ஆம் கேள்வியின் 0.3 மி.மீ. அமுங்கலோடு ஒப்பிட்டால் ஏன் வேகமான விசைக்கு இதைத் தேடுகிறார்கள் என்பது புரியும்.

என் வழக்கம் இது: முறுக்கு, வளைவு, நிற்கும் சுமையும் மாறும் சுமையும் சேர்ந்து வேண்டும் என்றால் ஸ்ட்ரெயின் கேஜ். குத்து, மோதல், வெட்டும் விசை என்றால் பீசோ. எண்ணெயில் மிதக்கும் பேரிங்கில் ஓடும் டர்பைன் ஷாஃப்ட் என்றால் இரண்டும் இல்லை, ஷாஃப்டைத் தொடாமல் இடைவெளி பார்க்கும் எடி கரண்ட் புரோப்.

பீசோ வளையத்தை வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் நடுவே போல்ட் போட்டு இறுக்கித்தான் பொருத்த வேண்டும். அந்த போல்ட்டும் விசையில் ஒரு பங்கைத் தன் வழியாகக் கடத்திவிடும். ஆகவே பெட்டியில் வந்த சான்றிதழின் எண் செல்லாது. பொருத்திய பிறகு பொருத்திய இடத்திலேயே மறுபடி சரிபார்க்க வேண்டும்.

7. பீசோ சென்சார் மேல் 10 கிலோ வைத்தேன். முதலில் காட்டியது, கொஞ்ச நேரத்தில் தானாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை, அதன் சுபாவமே அதுதான். சுரந்த மின்னூட்டம் மெல்லக் கசிந்து போகும். மாறாத சுமையை அதனால் பிடித்து வைத்திருக்க முடியாது. எவ்வளவு நேரத்தில் கசியும் என்பதை விவரத்தாளில் நேர மாறிலி என்று போட்டிருப்பார்கள். 0.5ஐ அந்த நொடிக்கணக்கால் வகுத்தால் வருகிற ஹெர்ட்ஸ் வரை 5 சதவீதத் தவறுக்குள் நம்பலாம். நேர மாறிலி 1 நொடி என்றால் அரை ஹெர்ட்ஸ் வரை இறங்கலாம். 25 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு அது தாராளம்.

8. நூற்பாலையில் காலையில் ஒழுங்காக ஓடிய சார்ஜ் சென்சார், மதியம் எண் தன்னாலே ஏறி இறங்குகிறது. ஏன்?

ஈரப்பதம். நூல் அறுந்துபோகாமல் இருக்கக் கூடத்தை ஈரமாகவே வைத்திருக்கிறீர்கள். படிகத்தில் சுரக்கும் மின்னூட்டத்தை அப்படியே கேபிளில் அனுப்புவது சார்ஜ் வகை பீசோ சென்சார்; அதன் கேபிள் முனையில் மின்காப்பு மிக மிக உயர்வாக இருக்க வேண்டும். கைரேகை ஈரமும் பஞ்சுத் தூசியும் படிந்தாலே அது சரிந்துவிடும். முனையைக் கழற்றி, சுத்தமான ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவைத்து, மறுபடி மாட்டி டேப் சுற்றுங்கள். விரலால் தொடாதீர்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் உள்ளேயே ஆம்பிளிஃபையர் வைத்த வகையை வாங்குங்கள். அதற்கு இந்த நோய் கிட்டத்தட்ட இல்லை. மிகச் சூடான இடத்துக்கு மட்டும் பழைய சார்ஜ் வகைதான் தாங்கும்.

கேபிளையும் பார்த்துவிடுங்கள். தொங்கிக்கொண்டு ஆடும் கேபிள் தன் உள்ளுராய்விலேயே மின்னூட்டம் உண்டாக்கும். பாதி மர்ம அளவீடுகளுக்குக் காரணம் ஒரு ரூபாய் டேப் ஒட்டாததுதான்.

9. ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் கேஜ் ஒட்டி ஒயரை எப்படி வெளியே எடுப்பீர்கள்?

இரண்டு வழி. கார்பன் பிரஷ் உரசும் சிலிப் ரிங் ஒன்று. ஷாஃப்டிலேயே சிறு பேட்டரியும் டிரான்ஸ்மிட்டரும் கட்டி வானொலி வழியே அனுப்பும் டெலிமெட்ரி மற்றொன்று. பிரஷ் உரசும்போது இரைச்சல் சேரும். டெலிமெட்ரிதான் இப்போது வசதி, ஆனால் பெட்டியும் பேட்டரியும் ஷாஃப்டின் இருபுறமும் எடை ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் 2ஆம் கேள்வியின் பஞ்சுத் தூசி வேலையை அது செய்யும்.

வருகிற சிக்னல் எவ்வளவு சிறிது என்று தெரிந்தால்தான் இந்த ஜாக்கிரதையெல்லாம் எதற்கு என்று புரியும். 37 கிலோவாட், 1,480 ஆர்.பி.எம். மோட்டாரின் முழுச் சுமை முறுக்கு 239 நியூட்டன் மீட்டர். 50 மி.மீ. ஸ்டீல் ஷாஃப்டில் 45 பாகைச் சாய்வில் ஒட்டிய கேஜ் அதற்கு 61 மைக்ரோஸ்ட்ரெயின் நீளும். ஒரு மீட்டர் கம்பி 0.061 மி.மீ. நீண்டால் எவ்வளவோ அவ்வளவு. நான்கு கேஜை நான்கு கையாக இணைத்த சுற்றுக்கு, அதாவது முழு பிரிட்ஜுக்கு, 5 வோல்ட் கொடுத்தால் வெளியே வருவது 0.6 மில்லிவோல்ட். பக்கத்தில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் 415 வோல்ட் டிரைவ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஆம்பிளிஃபையர் ஷாஃப்டின் மேலேயே, கேஜுக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். ஒயரை ஷீல்டு இல்லாமல் இழுத்தால் டிரைவின் கூச்சலைத்தான் அளப்பீர்கள்.

10. கேஜை சூப்பர் குளூ போட்டு ஒட்டினால் போதுமா?

கேஜுக்கென்று விற்கும் சயனோஅக்ரிலேட் பசை அதே குடும்பம்தான். ஓரிரு நாள் சோதனைக்குப் போதும். மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்றால் எபாக்ஸி.

பசையைவிடப் பரப்பு முக்கியம். பெயின்ட்டையும் துருவையும் எடுத்து, நடுத்தர எமரித் தாளால் குறுக்குமறுக்காகத் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு வராத வரை துடைத்துக்கொண்டே இருங்கள். துடைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. தடவினால் மறுபடி முதலிலிருந்து.

சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஷாஃப்ட் சூடேறி கேஜ் தானாக நீளும். அதே உலோகத்தில், அதே சூட்டில், சுமை படாத இன்னொரு கேஜை பிரிட்ஜின் அடுத்த கையில் போட்டால் சூட்டின் பங்கு கழிந்துவிடும். நான்கு கேஜ் முழு பிரிட்ஜில் இது இயல்பாகவே நடந்துவிடுகிறது.

11. நொடிக்கு எத்தனை ரீடிங் எடுக்க வேண்டும்?

பார்க்க விரும்பும் உச்ச ஹெர்ட்ஸின் இரண்டு மடங்குக்கு மேல். நடைமுறையில் 2.56 மடங்கு. குத்தின் உண்மையான உச்சியைப் பிடிக்க வேண்டும் என்றால் 10 மடங்கு.

குறைத்து எடுத்தால் எண் கொஞ்சம் தவறாகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது அதைவிட மோசம், இல்லாத ஒன்று முளைக்கும். 4ஆம் கேள்வியின் 789 ஹெர்ட்ஸ் பல்சக்கர விசையை நொடிக்கு 800 முறை படித்தால், திரையில் 11 ஹெர்ட்ஸில் அழகான அலை ஒன்று தெரியும். அப்படி ஒன்று இயந்திரத்தில் இல்லவே இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் ஃபேன் சில நேரம் மெல்லப் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரியுமே, அதே சங்கதி. நான் பார்த்த ஓர் ஆலையில் இப்படி முளைத்த அலையை நம்பி ஃபவுண்டேஷனையே உடைத்துப் போடத் தயாராக இருந்தார்கள்.

ரீடிங் எடுத்த பிறகு எந்த சாஃப்ட்வேரும் இதைத் திருத்தாது. எண்ணாக மாற்றுவதற்கு முன்பே மேல் ஹெர்ட்ஸை வெட்டும் ஃபில்டர் இருக்க வேண்டும். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

12. திரையில் 50, 100 ஹெர்ட்ஸில் பெரிய கோடு நிற்கிறது. மின்சாரமா, இயந்திரமா?

50இல் மட்டும் துல்லியமாக நின்றால், இயந்திரம் ஓடாதபோதும் நின்றால், அது எர்த் வளையம். சென்சாருக்கு ஓர் எர்த், மீட்டருக்கு இன்னோர் எர்த் என்று இரண்டு இடத்தில் கொடுத்திருப்பீர்கள். ஒன்றை எடுங்கள்.

100 சற்றுச் சிக்கல். மோட்டாரின் காந்த இழுப்பு நொடிக்கு 100 முறை வரும். 2,960 ஆர்.பி.எம். மோட்டாரின் சுற்றின் இரண்டு மடங்கு 98.7 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு நொடி ரீடிங் போதாது. 8 நொடி எடுங்கள். கருவியே வேண்டாம் என்றால் ஓடும்போது சுவிட்சை அணையுங்கள். அணைத்த மறுகணமே கோடு மறைந்தால் மின்சாரம். வேகம் குறையக் குறைய மெல்ல இறங்கினால் இயந்திரம்.

13. ரப்பர் பேடு போட்டோம். ஆட்டம் அதிகமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

1ஆம் கேள்விக்குத் திரும்புங்கள். பேடின் வேலை இயந்திரத்தின் ஆட்டத்தைக் குறைப்பதல்ல, தரைக்குப் போகும் விசையைக் குறைப்பது. இயந்திரம் கொஞ்சம் கூடுதலாக ஆடலாம், பக்கத்து அறை நிம்மதியாக இருக்கும்.

ஆனால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. இயந்திரத்தின் எடையில் 2.5 மி.மீ. அமுங்கும் பேடு என்றால், 5ஆம் கேள்விச் சூத்திரப்படி துள்ளல் 10 ஹெர்ட்ஸ். 1,500 ஆர்.பி.எம். ஃபேனுக்கு அது நல்ல பேடு. தரைக்குப் போவது ஐந்தில் ஒரு பங்குதான். அதே பேடை 600 ஆர்.பி.எம். ஃபேனுக்குப் போட்டால் அது ஓடுவதே 10 ஹெர்ட்ஸ். பேடு விசையைப் பெருக்கித் தரைக்கு அனுப்பும். ஆர்.பி.எம். கேட்காமல் பேடு விற்பவரிடம் வாங்காதீர்கள்.

14. ஸ்டார்ட் செய்யும்போது நடுவில் ஒரு வேகத்தில் பயங்கரமாக ஆடி, பிறகு அடங்கிவிடுகிறது. அடங்கிவிட்டதால் விட்டுவிடலாமா?

அந்த நடு வேகம் ஷாஃப்டின் சொந்தத் துள்ளல் வேகம். அதைத் தாண்டினால் ஷாஃப்ட் அடங்கி ஓடுவது ஏன் என்று 1919இல் ஜெஃப்காட் கணக்கால் விளக்கிவிட்டார். ஆகவே தாண்டி ஓடுவது தவறில்லை. அங்கே தங்குவதுதான் தவறு.

இப்போது எல்லாரும் டிரைவ் போட்டு வேகத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கிறார்கள். 1,480இல் நிம்மதியாக ஓடிய ஃபேனை 1,100க்கு இறக்கி, போய் அந்த ஆடும் வேகத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். டிரைவில் குறிப்பிட்ட வேகங்களைத் தாண்டிப் போகச் சொல்லும் வசதி உண்டு. ஒருமுறை மெல்ல ஏற்றி இறக்கி அளந்து, அந்த எல்லையை அதில் பதிந்துவிடுங்கள்.

15. சென்சாரில் 5,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. அதுவரை அளக்கலாம்தானே?

அது எந்த 5,000 என்று பாருங்கள். சென்சாரின் சொந்தத் துள்ளல் 5,000 என்றால் நம்பத்தக்க எல்லை அதில் ஐந்தில் ஒன்று, அதாவது 1,000. அங்கேயே 4 சதவீதம் கூடுதலாகக் காட்டத் தொடங்கியிருக்கும். மூன்றில் ஒன்றுக்குப் போனால் 12 சதவீதம்.

அந்த எண்கூட சென்சார் தனியாக இருக்கும்போதுதான். அதன் மேல் பிராக்கெட்டும் பேரிங் வீடும் ஏறியதும் எடை கூடி, துள்ளல் சரிந்துவிடும். அதிர்வு சென்சாருக்கும் இது உண்டு: போல்ட் போட்டு இறுக்கினால் 10,000 ஹெர்ட்ஸ் வரை நம்பலாம் என்கிற சென்சார், காந்தத்தில் ஒட்டினால் 2,000 அளவில் நின்றுவிடும், கையால் பிடித்தால் 1,000ஐத் தாண்டாது.

16. விசை வரும் இடம் பேரிங்குக்கு உள்ளே. சென்சார் வைக்க இடமே இல்லை. பிறகு எப்படி?

சுற்றுவழி உண்டு. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முனையில் பீசோ சென்சார் வைத்த சுத்தியலால் பேரிங் வீட்டில் தட்ட வேண்டும். இவ்வளவு விசை தட்டினால் இவ்வளவு ஆட்டம் என்ற விகிதம் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் கிடைக்கும். பிறகு ஓடவிட்டு ஆட்டத்தை அளந்து, அந்த விகிதத்தால் வகுத்தால் விசை. சுத்தியல் முனைக்கு ரப்பர் போட்டால் கீழ் ஹெர்ட்ஸ், ஸ்டீல் போட்டால் மேல் ஹெர்ட்ஸ். ஒரே இடத்தில் ஐந்தாறு தட்டு தட்டிச் சராசரி எடுக்க வேண்டும், சுத்தியல் இரட்டையாகத் துள்ளிய தட்டுகளைத் தள்ளிவிட வேண்டும்.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். விகிதம் மிகச் சிறியதாக இருக்கும் ஹெர்ட்ஸில், வகுக்கும்போது சிறு தவறும் பூதாகரமாகும். நின்ற ஷாஃப்டின் பேரிங்கும் ஓடும் ஷாஃப்டின் பேரிங்கும் விறைப்பில் ஒன்றல்ல. ஆகவே இதில் வரும் நியூட்டனை 20 சதவீதம் கூடக்குறைய என்றே நான் எழுதிக் கொடுப்பேன்.

17. சுற்றின் நிலையைக் காட்டும் போட்டோ சென்சார் இல்லாமல் ஃபேனை பேலன்ஸ் செய்ய முடியுமா?

முடியும். நான்கு ஓட்டம், ஒரு காம்பஸ், ஒரு தாள் போதும். முதலில் அப்படியே ஓடவிட்டு ஆட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவை ஆரமாக வைத்து வட்டம் வரையுங்கள். ஃபேனில் 120 பாகை இடைவெளியில் மூன்று இடம் குறித்து, ஒரே சோதனை எடையை ஒவ்வோர் இடத்திலும் மாட்டி, ஒரே வேகத்தில் ஓடவிட்டு மூன்று ஆட்டத்தையும் குறியுங்கள். வட்டத்தின் மேல் அந்த மூன்று இடங்களையும் மையமாக வைத்து, அந்தந்த ஆட்டத்தை ஆரமாகக் கொண்டு வில் வரைந்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரு புள்ளியில் வெட்டும்.

வட்டத்தின் மையத்திலிருந்து அந்தப் புள்ளி இருக்கும் திசையில்தான் எடை மாட்ட வேண்டும். எவ்வளவு? சோதனை எடையை முதல் ஆட்டத்தால் பெருக்கி, மையத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வருவது. மூன்று வில்லும் ஒரு புள்ளியில் கூடாமல் அகன்று நின்றால் எடையைக் குறை சொல்லாதீர்கள். பேரிங் தளர்ச்சியோ, போல்ட் தளர்ச்சியோ இருக்கிறது.

18. பேலன்ஸ் செய்த பிறகு எவ்வளவு சமநிலைக் கோளாறு மிச்சம் இருந்தால் பரவாயில்லை?

ஐ.எஸ்.ஓ. 21940-11 தர நிர்ணயத்தில் ஃபேனுக்கும் பம்புக்கும் ஜி 6.3 என்ற தரம். 9,549ஐ 6.3ஆல் பெருக்கி ஆர்.பி.எம்.மால் வகுத்தால், ரோட்டரின் (சுழலும் பாகத்தின்) ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை கிராம் மி.மீ. (எடை பெருக்கல் மையத்திலிருந்து தூரம்) என்று கிடைக்கும். 1,500க்கு 40. ரோட்டர் 100 கிலோ என்றால் 4,000 கிராம் மி.மீ.; 20 செ.மீ. ஆரத்தில் 20 கிராம். 2ஆம் கேள்வியில் 10 கிராமுக்கு அவ்வளவு பயம் காட்டினேனே என்பீர்கள். 100 கிலோ ரோட்டரைத் தாங்கும் பேரிங்குக்கு அந்த 5 கிலோ பொருட்டில்லை. 8 கிலோ ரோட்டருக்கு அதே 10 கிராம் எல்லையைப் பல மடங்கு தாண்டிவிட்டது.

19. செல்போனில் ஆப் போட்டு அளக்கிறார்களே?

செல்போனின் சென்சார் பெரும்பாலும் நொடிக்குச் சில நூறு முறைதான் படிக்கிறது. 11ஆம் கேள்விப்படி சுமார் 100 ஹெர்ட்ஸ் வரை ஏதோ தெரியும். மெல்ல ஓடும் ஃபேனில் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதை வைத்து பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது.

20. மேலூர்ப் பக்கம் தோட்டத்தில் போர்வெல் மோட்டார். பல நூறு அடி ஆழத்தில் இருக்கிறது. அதில் என்ன அளப்பீர்கள்?

சென்சாரை இறக்க முடியாது, ஆனால் மோட்டாரே ஒரு சென்சார். சுமையில் முறுக்கு ஏறி இறங்கினால் மோட்டார் இழுக்கும் கரண்டும் கூடவே ஏறி இறங்கும். மேலே ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒயரைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு கரண்டை வேகமாகப் படித்தால், 50 ஹெர்ட்ஸ் கோட்டின் இருபுறமும் சிறு கோடுகள் முளைக்கும். அவை எத்தனை ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கின்றன என்பதிலிருந்து சுற்று வேகத்தில் வரும் கோளாறா, ரோட்டர் கம்பி முறிந்ததா என்று ஊகிக்கலாம். எத்தனை நியூட்டன் என்று சொல்ல முடியாது. சாதாரணக் கிளாம்ப் மீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் இதற்கு உதவாது.

21. கருவி சரியாகக் காட்டுகிறது என்பதை நானே எப்படிச் சரிபார்ப்பது?

முறுக்குக்கு எளிது. ஷாஃப்டின் ஒரு முனையை அசையாமல் பூட்டி, மறுமுனையில் ஒரு மீட்டர் கம்பி கட்டி 20 கிலோ தொங்கவிடுங்கள். 196 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். கம்பியின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிர்வு சென்சாருக்குக் கையடக்கமான ஆட்டும் கருவி கிடைக்கிறது. அது பெரும்பாலும் 159.2 ஹெர்ட்ஸில் ஆடும். விநோதமான எண்ணாகத் தெரியும். 2 பை (2π) கொண்டு பெருக்கினால் 1,000 வருகிறது என்பதுதான் காரணம். முடுக்கம் நொடி வர்க்கத்துக்கு 10 மீட்டர் என்றால், வேகம் நொடிக்கு 10 மி.மீ., இடப்பெயர்ச்சி 10 மைக்ரான். மூன்றையும் கணக்கில்லாமலே சரிபார்த்துவிடலாம். பீசோ விசை சென்சாருக்கு, அதன் மேல் எடை தெரிந்த இரும்புக் கட்டியைப் பொருத்தி இதே கருவியில் ஆட்டினால் எடை பெருக்கல் முடுக்கம் விசை. கருவி எவ்வளவு எடையைத் தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

22. போன வாரம் ஒருவர் ஆட்டத்தை அளந்து 4 என்றார். நீங்கள் 11 என்கிறீர்கள். யாரை நம்புவது?

இரண்டும் சரியாக இருக்கலாம். அவர் சராசரி வகையான ஆர்.எம்.எஸ். சொல்லியிருப்பார், நான் உச்சியைச் சொல்லியிருப்பேன். சீரான அலையில் உச்சி 1.41 மடங்குதான், குத்து விழும் பேரிங்கில் ஐந்தாறு மடங்காகக்கூட ஆகும். அவர் 1,000 ஹெர்ட்ஸ் வரை பார்த்திருப்பார், நான் 10,000 வரை. அவர் காந்தம், நான் போல்ட். அவர் கிடைமட்டம், நான் செங்குத்து. அவர் அளந்தது காலையில் ஃபேன் சுத்தமாக இருந்தபோதாகவும் இருக்கலாம்.

ஆகவே எண்ணை மட்டும் எழுதிய அறிக்கையை வாங்காதீர்கள். எந்த இடம், எந்தத் திசை, எந்த சென்சார், எப்படிப் பொருத்தியது, எந்த ஹெர்ட்ஸ் வரை, உச்சியா ஆர்.எம்.எஸ்.ஸா, அப்போது என்ன வேகம், என்ன சுமை, இவ்வளவும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். என் அறிக்கையில் இதில் ஏதாவது விட்டிருந்தால் பணம் கொடுக்கும் முன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.